உதட்டுப் பிடி

நிலவின் தென்துருவம், ஏழாம் பள்ள முகாம்
பதிவர்: ஜெசிந்தா, பளுதூக்கி இயக்குநர்

காலை 8.10
எல்லாம் வழக்கம்போல். பனிக்கட்டி மாதிரி எடுக்க ரீகன் பள்ளத்துக்குள் போயிருக்கிறார். கம்பிவடத்தில் இறக்கியது நான். கழுத்துக்குக் கீழே எனக்கு அசைவில்லை. பளுதூக்கி என் வாயிலுள்ள குழலில் ஓடுகிறது. ஊதினால் ஏற்றும், உறிஞ்சினால் இறக்கும், வெறுமனே கவ்வியிருந்தால் பிடித்து நிறுத்தும். இந்தப் பதிவைக் கண்ணசைவில் திரையில் எழுதுகிறேன். வேலை நேரத்தில் ரீகனிடம் பேசுவதும் அப்படித்தான். நான் எழுதுவதை இயந்திரம் வாசிக்கும். தூத்துக்குடியில் பஸ் ஏற நாலு பேர் கையை எதிர்பார்த்தவள், இங்கே புருஷனையே தூக்கி இறக்குகிறேன். கொஞ்சம் திமிர் வரத்தானே செய்யும்.

காலை 10.35
பழுது. பாதி ஏற்றத்தில் மோட்டார் திணறிவிட்டது. பிடிக்கிறது, ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. வடத்தைப் பூட்டும் பல்லும் உடைந்துவிட்டது. இனி என் உதடுதான் பூட்டு. குழலை விட்டால் அவர் விழுவார்.

சுவரில் மோதியதில் ரீகனுக்குத் தோள் விலகியிருக்கிறது. ஏறி வர முடியாது. தலைமை முகாம் கேட்டது: “அங்க கை கால் நல்லா இருக்கிறவங்க வேற யாராச்சும் இருக்காங்களா?” அந்த ஆள்தான் கம்பியில் தொங்குகிறார் என்று எழுதினேன். மீட்பு வண்டி வர மாலையாகும். அவரிடம் காற்று மூன்று மணி வரை.

காலை 11.20
என் நாற்காலியின் இயந்திரக் கையால் வடத்தைக் கட்டிவிடலாம். ஆனால் அதையும் இதே குழல்தான் ஓட்டுகிறது. இரண்டாவது குழல் தருவதாகத்தான் சொன்னார்கள். வேண்டாம் என்றோம், இரண்டு பேருமே. முகத்துக்கு முன்னால் இத்தனை குழாய் இருந்தால் முத்தம் கொடுக்க இடம் ஏது என்றார் ரீகன்.

பிற்பகல் 12.50
உதடு மரத்துவிட்டது. எச்சில் வழிகிறது.
ரீகன்: “ஏட்டி, ஒன் மெசினு நியூஸ் வாசிக்கிற பொம்பள மாரி இருக்கு. ‘மீட்பு வண்டி புறப்பட்டுவிட்டது’ன்னு எத்தன தடவ சொல்லுவ?”
நான் சிரிக்கக் கூடாது. சிரித்தால் உதடு விலகும். அழுதாலும் அப்படித்தான்.

பிற்பகல் 2.30
ரீகன்: “ஜெசி, வண்டி வந்து சேராது. மெசினு வேண்டாம்ட்டி. ஒன் வாயால பேசு.”
முடியாது, குழலை விட வேண்டியிருக்கும் என்று எழுதினேன்.
“தெரிஞ்சுதான் கேக்கேன்.”
முடியாது என்று மறுபடி எழுதினேன். இயந்திரம் அதை அமைதியாக வாசித்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வண்டி மேல், மோட்டார் மேல், இப்படிக் கேட்கிற இந்த மனுஷன் மேல்.

பிற்பகல் 2.56
தலைமை முகாம்: “வண்டி இன்னும் பாதி தூரங்கூட வரல. மன்னிச்சிருங்க ஜெசிந்தா.”
ரீகனுக்கு இழுக்கிறது. என் பெயரை முழுசாகச் சொல்லக்கூட மூச்சு இல்லை. பேசு என்று மட்டும் சொல்கிறார். அவரைப் பிடித்து வைத்திருப்பது அவருக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை.

பிற்பகல் 3.04
குழலை விட்டேன்.

நிலவில் எதுவும் மெதுவாகத்தான் விழும். பத்துப் பதினோரு வினாடி கிடைத்தது. பேசினேன். என் வாயால். உதடு மரத்ததில் முதலில் உளறல்தான் வந்தது, பிறகு சரியாக வந்தது.
“ஆங், கேக்குதுட்டி” என்றார். சிரித்த மாதிரி இருந்தது.

என்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன். அது அவருக்கு.

அதற்குப் பிறகும் பேசிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரமென்று தெரியாது

கண் நிறைந்துவிட்டது திரைக்கு என் கண் தெரியவில்லை எழுத்து எங்கெங்கோ போ