புரை ஏறும்போது சிரிக்காதீர்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா? போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த முதியோர் இல்லத்தில் நான் கவனித்துக்கொள்ளும் பெரியவருக்கு நேற்று சோறு ஊட்டும்போது புரை ஏறியது. பயப்படாதீர்கள், இப்போது நன்றாக இருக்கிறார். உதடு நீலமானதும் நர்ஸ் ஓடிவந்து முதுகில் ஓங்கித் தட்டினார். விழுங்கும்போது மூச்சுக்குழாயை மூடிக்கொள்ள, தொண்டையில் இலை மாதிரி ஒரு மூடி இருக்கிறதாம். "வயசானவங்களுக்கு அது சில நேரம் லேட்டாத்தான் மூடும்மா" என்றார் நர்ஸ்.

அப்பா, போன வாரம் என்னோடு போனில் பேசிக்கொண்டே தண்ணீர் குடித்து அப்படித்தான் இருமினீர்கள். "நீதான் நினைக்கிற, வேற யாரு?" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். இப்போது கண்ணை மூடினால் அந்த இருமல்தான் கேட்கிறது.

நிமிர்ந்து உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். சாப்பிடும்போது பேசாதீர்கள், என்னிடம்கூட. அண்ணியை எதிரில் உட்காரச் சொல்லுங்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.

பெரியவருக்குச் சாப்பாட்டு நேரம், ஓட வேண்டும். இன்று கரண்டியில் பாதிப் பாதியாகத்தான் ஊட்டப்போகிறேன்.

ஒன்று மட்டும் அப்பா. நான் நினைப்பதால் புரை ஏறுவதில்லை. அப்படி ஏறுவதாக இருந்தால், உங்களால் ஒரு வாய்கூட விழுங்க முடியாது.

உங்கள் சின்னவள்