பலகைத் தெருவில் ஒரு திருமணம்

அல்மேரியா,
மே 6, 1992

அன்புள்ள கசில்தா,

இங்கு நலம். குவாதிஸில் நீயும் உன் அக்கா பியேதாதும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். பூந்தொட்டிகளுக்கு நீ சொன்ன அளவிலேயே நீர் ஊற்றுகிறேன்.

நீ கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போகும்படி அன்று குரலை உயர்த்தியதற்கு வருந்துகிறேன். காரணத்துக்கு வருந்தவில்லை, அதை முறையாக எழுதிவிடுகிறேன்.

எங்கள் பத்திரப்பதிவு அலுவலகத்தார் குடும்பத்தோடு தபெர்னாஸ் பாலையிலுள்ள அந்தப் பழைய கௌபாய் படத் தளத்துக்குப் போனோம். சுற்றுலாப் பயணிகளுக்காக நடித்துக் காட்டும் துப்பாக்கிச் சண்டை முடிந்ததும், கூரையிலிருந்து விழுந்து கிடந்த ஹினேஸ் என்னும் அந்த ஆள் எழுந்து, தொப்பியைத் தட்டிக்கொண்டு நேராக உன்னிடம் வந்தான்.

"எங்க போயிட்ட பொண்டாட்டி? வெயில்ல நிக்காத. வா, நம்ம வீட்டுக்குப் போலாம்."

அவன் காட்டிய வீட்டுக்கு முன்பக்கப் பலகை மட்டுமே இருந்தது. என் உதவியாளன் லியாந்த்ரோ, "சார், வீட்டம்மா பேர்ல இன்னொரு வீடு இருக்கு போலயே, பதிஞ்சாச்சா?" என்றான். அதைப் பொறுத்துக்கொண்டேன். உன் முகம் சிவந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

திரும்பும் பேருந்தில் நீ சொன்ன பிறகே எனக்கு விவரம் தெரிந்தது. பத்தொன்பது வயதில், அதே தெருவில், ஒரு படத்தில் நீ மணப்பெண்ணாக நின்றிருக்கிறாய். மணமகன் ஹினேஸ். பாதிரியார் வேடக்காரர் வெயிலில் மயங்கிவிட, உங்கள் ஊர்ப் பங்குத்தந்தையையே அழைத்து வந்தார்களாம். கேமரா நின்ற பிறகும், சடங்கைப் பாதியில் விடக்கூடாதென்று அவர் ஆசீர்வாதம்வரை சொல்லி முடித்தாராம். பேருந்தே விழுந்து விழுந்து சிரித்தது. அத்தனை பேரோடு சேர்ந்துதான் கணவனாகிய நானும் அதை முதல்முறை கேட்டேன்.

பிஷப் அலுவலகத்தில் விசாரித்துவிட்டேன். உரிய அனுமதியின்றி நடந்ததால் அது செல்லாது. திருமணத்துக்கு மனச்சம்மதமும் வேண்டும் என்றார்கள். அதை உன்னிடம்தான் கேட்க முடியும். "சம்மதம்" என்று அவனுக்குச் சொன்னபோது, மனதாரச் சொன்னாயா?

உன் கணவன்,
இந்தலேசியோ

குவாதிஸ்,
மே 10

அன்புள்ள இந்தலேசியோவுக்கு,

உங்கள் கடிதத்தை அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "படத்துல நடந்த கல்யாணத்துக்கு நிஜ விவாகரத்து கேக்குறாராடி உன் ஆளு?" என்றாள். சிரித்துவிட்டேன்.

அது நடிப்பு. அன்று எங்களுக்குக் கிடைத்தது மதியச் சாப்பாடும் ஆளுக்கொரு தொப்பியும்தான். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அலமாரியில் கொண்டைக்கடலை ஊறவைக்காமல் இருக்கிறது.

கசில்தா

அல்மேரியா,
மே 15

அன்புள்ள கசில்தா,

கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

அந்தப் படத்தின் வீடியோ நாடாவை வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன். முகத்திரையை அவன் விலக்கும்போது நீ நிமிர்ந்து பார்க்கிறாய். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இருபது ஆண்டுகளாக உன் எதிரே அமர்ந்து உண்கிறேன். அந்தப் பார்வை ஒருமுறைகூட என் பக்கம் வந்ததில்லை. நடிப்பு என்றால், உனக்கு அவ்வளவு நன்றாக நடிக்கத் தெரியும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

இந்தலேசியோ

குவாதிஸ்,
மே 21

அன்புள்ள இந்தலேசியோவுக்கு,

நேற்று அக்காவிடம்கூடச் சொல்லாமல் தனியாக அந்தத் தளத்துக்குப் போனேன். உங்கள் கேள்விக்கான பதில் எனக்கே தெரியவில்லை.

காட்சி முடிந்ததும் ஹினேஸ் எழுந்து ஒரு ஜெர்மன்காரப் பாட்டியிடம் போய், "எங்க போயிட்ட பொண்டாட்டி?" என்றார். அடுத்து ஒரு பள்ளிக்கூட டீச்சரிடம். வருகிற பேருந்துக்கெல்லாம் அதுதான் வசனம் போலிருக்கிறது. பிறகு என்னிடமும் வந்து சொன்னார்.

"ஹினேஸ், நான்தான் கசில்தா."

"எந்த கசில்தா?"

"பங்குச் சாமியார் வந்து கட்டிவெச்சாரே."

"அட, எத்தனை படம், எத்தனை கல்யாணம். தப்பா எடுத்துக்காதம்மா. எலுமிச்சைச் சாறு குடிக்கிறியா?"

பலகைகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அந்த ஜெர்மன்காரப் பாட்டிமேல்கூடப் பொறாமையாக இருந்தது. அப்போதுதான் பதில் தெரிந்தது. ஆம், மனதாரத்தான் சொன்னேன். உங்களைச் சந்திக்கும்வரை, அவர் வீட்டுக்கு வந்து பெண் கேட்பார் என்று காத்துக்கொண்டும் இருந்தேன்.

பொய் சொல்லிவிட்டு உங்கள் வீட்டுக்குள் நுழைய எனக்கு விருப்பமில்லை. இனி நான் வரலாமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கசில்தா

அல்மேரியா,
மே 26

அன்புள்ள கசில்தா,

"மனதாரத்தான் சொன்னேன்" என்ற வரிக்குக் கோபப்பட ஆயத்தமாகவே உறையைப் பிரித்தேன். ஆனால் அந்த வரிக்கு முன்பே கோபம் வந்துவிட்டது. எந்த கசில்தாவா? உன் முகத்துக்கு நேரே நின்று ஒருவன் அப்படிக் கேட்பதா?

நான் உன்னை முதன்முதலில் பார்த்த அன்று, உன் தந்தையின் வாதுமைத் தோப்பைப் பதிய நீ அவரோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தாய். மஞ்சள் செருப்பு. இடது வார் அறுந்து, அதில் ஊக்கு குத்தியிருந்தாய். உன் தந்தை கையொப்பமிட்டு முடிக்கும்வரை அந்தக் காலைப் பின்னால் மறைத்தே நின்றாய். நானும் பார்க்காததுபோல் இருந்தேன்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். அது இருக்கிறது, இனியும் இருக்கும். அதையும் சுமந்துகொண்டு சனிக்கிழமை உன்னை அழைத்துப்போக குவாதிஸுக்கு வருகிறேன். உனக்கு வர மனமில்லையென்றால், பியேதாதை வாசலுக்கு அனுப்பாதே. நீயே வந்து சொல். உன்னைப் பார்த்துவிட்டாவது திரும்புவேன்.

இந்தலேசியோ