கன்னத்தில் ஒதுக்கிய காய்

அளம்பில்,
18.12.2023

சேசு மரி சூசை துணை.

அன்பு மகள் யூலிற்றாவுக்கு,

முதலில் அந்தச் சாடி விசயத்தை முடித்துவிடுகிறேன். ஊருக்கு வந்து ஒரு மாதமாகியும் மனம் ஆறவில்லை. நீ கூட்டிப்போன மலைக்கிராமத்து ஒலிவ மியூசியத்தில், மூலையில் இருந்த பழைய எண்ணெய்ச் சாடிக்குள் துப்பியது உன் அப்பன்தான்.

நீ டிக்கெட் எடுக்கப் போன நேரம், அந்த இரண்டாயிரம் வயது ஒலிவ மரத்தின் கீழே கறுப்பாய்ப் பழுத்த காய் கிடந்தது. பார்த்தால் அச்சாய் நாவற்பழம். எடுத்து வாயில் போட்டேன். வேப்பங்கொட்டையைச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்தால் என்ன ருசியோ அதுதான். துப்புவோம் என்று திரும்பினால், மரத்தைப் பற்றி விளக்கம் சொல்ல அந்த மியூசியத்துப் பெட்டை வந்து நிற்கிறாள், பக்கத்தில் நீ. ஆண்டவர் ஒலிவ மலையில் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டு கன்னத்தில் ஒதுக்கி வைத்தேன். மரத்தடி முழுக்க, செக்கு வைத்த அறை முழுக்க, காய் விழுத்துவதற்கு மரத்தின் கீழ் விரிக்கும் வலை வைத்த அறை முழுக்க, நான் வாயே திறக்காததற்குக் காரணம் அதுதான். பக்தி இல்லை.

போனில் சொல்லலாம்தான். ஆனால் உன் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுக் கதிரையில் வைத்துவிடுவா. நான் துப்பிய கதை பூசை மணிக்கு முதல் ஊர் முழுக்கப் போய்விடும். ஆகவே கடிதம். நீயும் கடிதமே எழுது. கோயில் பெருநாளுக்குக் காசு கேட்கும் கூட்டத்தில்கூட நான் இவ்வளவு கெஞ்சியதில்லை.

இத்தாலிப் பாஷை சுருக்கமானது போலிருக்கிறது. அந்தப் பெட்டை நாலு சொல் சொன்னால் நீ தமிழில் நாற்பது சொல் சொன்னாய். இது ஒட்டுமரம், காட்டு ஒலிவத்தில் நல்ல ஒலிவத்தை ஒட்டியது என்றாய். காலம் பார்க்காமல் அவசரத்தில் ஒட்டினால் காயம் ஆறாது, பட்டைக்குள்ளே அழுகும், வெளியில் பச்சையைப் பார்த்துத் தோட்டக்காரன் சந்தோசப்படுவான் என்றாய். "விளங்குதோ அப்பா?" என்று கேட்டாய். நான் "ம்" என்றேன். வாயில் காய்.

மருமகன் அனிஸ்ரனைக் கேட்டதாகச் சொல். நல்ல பிள்ளை, ஆனால் சொந்தக் குசினியில் சீனிப் போத்தலைத் தேடி அலுமாரி எல்லாம் திறந்தான். கலியாணம் முடித்தால் எங்களுக்கு எல்லாம் புத்தி மங்கிவிடும். இன்னொன்று: தெருவில் என்னை எப்போதும் உன் வலது பக்கம் நடக்க விட்டாயே. அது அந்த ஊர் மரியாதையோ?

உன் அன்பு அப்பா,
யாக்கோப்பு

*

பலெர்மோ,
20.01.2024

அன்புள்ள அப்பா,

சாடிக் கதையை வாசித்து பஸ்ஸில் தனியே சிரித்தேன். பக்கத்தில் இருந்த கிழவி எழும்பி வேறு இடத்தில் போய் இருந்தாள். அதற்குப் பிறகுள்ள பகுதியை வாசித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தப் பெண் சொன்னது நாலு சொல்தான். "ஒட்டுமரம், அடி காட்டு ஒலிவம்." மிச்சம் எல்லாம் நான் சொன்னது. உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவு வரவில்லை, என் கதையை மரத்தின்மேல் போட்டுச் சொன்னேன். நீங்கள் "ம்" என்றதும், அப்பாவுக்கு விளங்கிவிட்டது, ஊருக்குப் போய் ஏதாவது சொல்வார் என்று இரண்டு மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நேரே எழுதுகிறேன். அனிஸ்ரன் என்னோடு இல்லை. நீங்கள் வருவதற்கு எட்டு மாதம் முந்தியே நான் அவரைப் போகச் சொல்லிவிட்டேன். நீங்கள் நின்ற மூன்று கிழமைக்கும் வந்து இருங்கோ என்று கெஞ்சிக் கூட்டிவந்தேன். சீனிப் போத்தல் எங்கே என்று அவருக்கு எப்படித் தெரியும்? வலது பக்கம் நடக்க விட்டது மரியாதைக்கு இல்லை. எனக்கு இடது காது கேட்காது. அவர் அடித்ததில் போனது.

இயக்கம் சண்டைக்குப் பிள்ளைபிடித்த காலத்தில், தாலி கட்டிய பெட்டையளை விடுவார்கள் என்று, பதினேழு வயதில், இடம்பெயர்ந்திருந்த தறப்பாள் கொட்டிலுக்குள் ஒரு பின்னேரம் என்னைக் கட்டிக்கொடுத்தீர்கள். அதற்காக உங்களோடு கோபமில்லை. உயிரோடு இருக்கிறேன். ஆனால் அந்த அவசரம் முடிந்து பதினைந்து வருடமாகிவிட்டது அப்பா.

ஆனி மாதம் அவர் ஊருக்கு வருகிறார். நான் அவரை நடுத்தெருவில் விட்டதாகத்தான் சொல்வார். அதற்கு முந்தி நீங்கள் பஸ்தியான் மாமாவிடம் நடந்ததைச் சொல்லவேண்டும். அனிஸ்ரனின் தகப்பனிடம் என் தகப்பன் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

அன்பு மகள்,
யூலிற்றா

*

அளம்பில்,
25.02.2024

அன்பு மகள் யூலிற்றாவுக்கு,

உன் கடிதத்தைக் கரையில், கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் இருந்து வாசித்தேன். முதலில் கண்ணாடி இல்லாமல் வாசித்தேன், பிழையாய் வாசித்திருப்பேன் என்ற நம்பிக்கையில். பிறகு கண்ணாடியோடு வாசித்தேன். எழுத்து மாறவில்லை.

காதை நல்ல டொக்டரிடம் காட்டு. செலவைப் பார்க்காதே.

பஸ்தியானிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நீயே யோசி. கரைவலையில் ஒரு கயிற்றுக்கு அவன் முன்னுக்கு நிற்கிறான், மறுகயிற்றுக்கு நான். தறப்பாள் காலத்திலிருந்து அப்படித்தான். பங்குனியில் வலை இறக்கப்போகிறோம். அவன் கயிற்றைப் போட்டுவிட்டுப் போனால் நான் தனியே வங்காளக் கடலை இழுக்கவேண்டும், என் இடுப்பைப் பற்றி உனக்குத் தெரியும். இந்தப் பருவம் முடியட்டும். அம்மாவுக்கும் பிரசர். அவவுக்கு மெல்ல மெல்லச் சொல்லலாம்.

நீயும் கொஞ்சம் பொறுத்துப் பார். என் குறட்டையை உன் அம்மா முப்பத்தைந்து வருடம் பொறுக்கவில்லையா?

உன் அன்பு அப்பா,
யாக்கோப்பு

*

பலெர்மோ,
14.04.2024

அப்பா,

குறட்டையும் அடியும் உங்களுக்கு ஒன்றாகத் தெரிகிறதா? பகிடிக்கு எழுதினீர்கள் என்று தெரியும். எங்கள் வீட்டில் எப்போதும் பகிடிதான். நான் சின்னப் பிள்ளையாய் அழுதால் நீங்கள் உடனே ஏதாவது பகிடி விடுவீர்கள், நான் சிரித்துவிடுவேன். எதற்கு அழுதேன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அம்மாவுக்கு நானே போனில் சொல்லிவிட்டேன். அவவுக்குப் பிரசர் ஏறவில்லை. "எனக்கு ஏன் முந்தியே சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டா.

அன்றைக்கு உங்கள் வாயில் காய் இருந்தது. இப்போது என்ன இருக்கிறது?

அவர் வந்ததும் பஸ்தியான் மாமா உங்களைத்தான் கேட்பார். நாலு பேருக்கு முன்னால்தான் கேட்பார், அவர் குணம் உங்களுக்குத் தெரியும். பெரிய விளக்கம் வேண்டாம். எனக்காக ஒரு வசனம் சொல்லுங்கள். சொன்னீர்கள் என்று கேள்விப்பட்டால் மார்கழியில் நத்தாருக்கு ஊருக்கு வருவேன், உங்களோடு பூசைக்கு நடந்து போவேன், நீங்கள் எனக்கு வலது பக்கம். இல்லாவிட்டால் வரமாட்டேன். நீங்களும் எழுதவேண்டாம்.

யூலிற்றா

*

அளம்பில்,
07.07.2024

அன்பு மகள் யூலிற்றாவுக்கு,

எழுதவேண்டாம் என்றாய். சொல்வழி கேளாதவன் என்று மூன்றாம் வகுப்பில் சிஸ்டர் எனக்குப் பெயர் வைத்தவ. அதற்குப் பிறகு நான் படித்து அந்தப் பெயரை மாற்றவும் இல்லை.

போன வியாழன் நல்ல மீன்பாடு. கரைவலை இழுக்கிறதை நீ மறந்திருக்கமாட்டாய். தொடங்கும்போது இரண்டு கயிறும் எங்கேயோ எங்கேயோ நிற்கும். மீன் விழுந்த வலைமடி கரைக்குக் கிட்ட வர வர இரண்டு பக்கத்து ஆட்களும் நெருங்கி வருவோம். கடைசியில் முகத்துக்கு முகம். நான் என் பக்கம் கயிற்றை இழுத்துக்கொண்டு பின்னுக்கு வந்து நிமிர்ந்தால் எதிரே பஸ்தியான். அவனுக்குப் பின்னால், புதுச் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அனிஸ்ரன்.

"என்ன மச்சான்," என்றான் பஸ்தியான், கயிற்றை விடாமல். "உன்ர மோள் என்ர பெடியனை வீட்டாலை கலைச்சுப்போட்டாளாம். நீ போய் மூண்டு கிழமை இருந்திட்டுத்தானே வந்தனி? அங்க என்ன கண்டனி, சொல்லன்!"

இரண்டு கயிற்றிலும் இருந்தவர்கள் இழுப்பை நிறுத்திவிட்டார்கள். உன் மச்சாள் கிருசாந்தி மீன் கூடையோடு அப்படியே நின்றாள்.

"அங்கயோ?" என்றேன். "ஒரு மரம் கண்டன் மச்சான். இரண்டாயிரம் வயசு. நாவற்பழம் எண்டு நினைச்சு..."

அந்தக் கதையைத்தான் சொன்னேன். யாருக்கும் தெரியக்கூடாது என்று உனக்கு மட்டும் கடிதத்தில் எழுதிய கதை. கன்னத்தை உப்பி நடந்து காட்டினேன். சாடிக்குள் துப்பிக் காட்டினேன், ஈரமணலில். எல்லாரும் சிரித்தார்கள். கயிற்றைப் பிடித்தபடி குந்தியிருந்து சிரித்தார்கள். பஸ்தியான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ திருந்தமாட்டாய்டா யாக்கோப்பு" என்றான். அனிஸ்ரனும் சிரித்தான். அவன் சிரித்ததையும் நான் நின்று பார்த்தேன்.

பிறகு "ஏலேலோ" என்று மடியை இழுத்தோம். சாளை மீனும் கீரி மீனும் நிறைய.

கிருசாந்தி எனக்கு முந்தி வீட்டுக்கு வந்துவிட்டாள் போலிருக்கிறது. அம்மா சோற்றைப் போட்டுவிட்டு, "கரையில ஆக்களை நல்லாச் சிரிக்கப் பண்ணினீங்களாம்" என்றா. அதற்குப் பிறகு இன்றைக்கு வரை என்னோடு கதைக்கவில்லை. உனக்கு அவ சொல்லியிருப்பா. அதனால் நத்தாருக்கு வருவாயா என்று நான் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் எழுதுகிறேன். சிரித்து முடிந்து மடியில் கை வைப்பதற்கு முந்தி அலை ஒருக்கால் வந்து போனது. பஸ்தியான் இன்னும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். அப்போது என் வாயில் இருந்தது காய் இல்லை மகள், நீ கேட்ட அந்த ஒரு வசனம், சொல்லாமல் ஒதுக்கி வைத்தது. "என்ர பிள்ளை செய்ததுதான் சரி."

அப்பா