கொழும்பிலிருந்து வெறுமையாகத் திரும்பும் விமானம்

2025 ஜூலை 4
என் கணவர் றம்ஸீன் டோஹாவில் கட்டடத்திலிருந்து விழுந்து இன்றோடு ஐந்து வாரம். தலையில் ஒப்பரேஷன். கண் திறக்கிறார், பேச்சு இல்லை. பயணிகள் விமானத்தில் ஏற்ற மாட்டார்களாம். அம்புலன்ஸ் விமானம்தான் வழி.

சென்னையிலிருந்து வெறுமையாக டோஹா போகும். இவரைக் கொழும்பில் இறக்கிவிட்டு, மறுபடி வெறுமையாகச் சென்னைக்கு. மூன்று ஓட்டத்துக்கும் நான்தான் காசு கட்ட வேண்டுமாம்! என் கடைக்குப் புடவை கொண்டுவரும் லொறிகூட வெறுமையாகத் திரும்பாது. விமானத்தை ஒழுங்கு செய்யும் முகவர் தனஞ்சயனிடம் கேட்டேன்: "சென்னைக்குத் திரும்பிப் போகக்குள்ள நாலு பெட்டி சாரன் துணி போட்டுடட்டா தம்பி?"

"அக்கா, ஒரு பெட்டியக் கண்டாலும் கஸ்டம்ஸ்காரங்க பிளேனையே பிடிச்சு வெச்சிருவாங்க."

ஜூலை 7
நான் மனைவி என்பதை டோஹா ஆஸ்பத்திரி நம்பவில்லை. நிக்காஹ் சான்றிதழை அரபியில் பெயர்த்து, கொழும்பில் முத்திரை குத்தி அனுப்ப வேண்டுமாம். இருபது வருசம் சோறும் ஆணமும் ஆக்கிப் போட்டேனே, அதற்கு எங்கே முத்திரை குத்துவது?

ஜூலை 10
கடைச் சரக்கை அள்ளி விற்றும் கடைசி ஓட்டத்துக்குக் காணாது. அந்த ஓட்டத்தின் காசைக் கட்டிக் கொழும்பிலிருந்து சென்னைக்குப் படுக்கையோடு போகிற நோயாளி ஒருவர் கிடைத்தால்தான் விமானம் எழும்பும். விசாரித்தால் — அல்லாஹ்வே! — காரைதீவு வேலப்போடி. ஈரல் ஒப்பரேஷனுக்குப் போகவேண்டியவர். எங்கள் வயலுக்குப் பக்கத்து வயல்காரர். வரம்பை வெட்டியது யார் என்ற சண்டையில் இவரும் அவரும் ஒன்பது வருசமாகக் கதைப்பதில்லை.

போனேன்.

"றம்ஸீன்ட பிளேன்ல நானா? இஞ்சயே கிடந்து சாகிறன்."

மகள் வினோஜா சீறினாள்: "போகக்குள்ள வரம்பையும் கட்டிக்கொண்டா போகப் போறீங்க, அப்பா?"

"பிளேன் என்ட, போடியார். அவர் அதில வாற சரக்கு," என்றேன். மனுசன் சிரித்துவிட்டார். ஒரேயொரு நிபந்தனை: இவருடைய முகத்தைப் பார்க்க மாட்டாராம்.

ஜூலை 15
போடியாரின் இந்திய விசா வந்தது. அதற்குள் இவர் பறக்கலாம் என்று டொக்டர் தந்த கடிதம் காலாவதி. புதுக் கடிதம் வந்தால், பறப்பு அனுமதியின் திகதி போய்விட்டது. இதென்ன, காகிதமா, ஒரு நாளில் திரிந்துபோகிற பாலா?

ஜூலை 17
எல்லாம் ஒரே நாளில் பொருந்தின. கையெழுத்துப் போட்டுக் காசைக் கட்டினேன்.

ஜூலை 19
கட்டுநாயக்க விமான நிலையம். அனுமதி வாங்கி அம்புலன்சோடு உள்ளே போனேன். இவரை இறக்கினார்கள். "என்னங்க, நான் சுபைறா வந்திருக்கன்..." என்றேன். பார்த்தார், அவ்வளவுதான். அதிகாரி கடவுச்சீட்டைப் புரட்டி முடிக்கும்வரை இவருடைய படுக்கையும், ஏறக் காத்திருந்த போடியாரின் படுக்கையும் அருகருகே நின்றன.

முகம் பார்க்க மாட்டேன் என்ற போடியார் மெல்லத் திரும்பினார். "றம்ஸீன் தம்பி... அந்த வரம்ப வெட்டினது நான் இல்லடா."

இவருடைய உதடு அசைந்தது.

"பொய்."

ஏழு வாரத்தில் முதல் சொல்! எனக்கு ஒரு சலாம்கூட இல்லை. அழுகிறேனா, சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. போடியாரும் அப்படித்தான், அவரை அப்படியே விமானத்தில் ஏற்றிப் போனார்கள்.

ஓகஸ்ட் 21
சென்னையிலிருந்து போடியார் போன் எடுத்தார். தையல் பிரித்தாயிற்றாம். இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுகிற இவருடைய காதில் போனைப் பிடித்தேன். அரைமணி நேரம் வரம்புச் சண்டை. கை கடுத்தது. மறுகைக்கு மாற்றிப் பிடித்தேன்.