டிலியோவுக்குக் கட்டிய வலை

1987 அக்டோபர், வியாழன் இரவு

தூக்கம் வரவில்லை. நைலான் நரம்பு கிழித்த கை இன்னும் எரிகிறது.

காலையில் உழுது போட்ட வயலுக்குப் போனால், குறுக்கே மீன்வலை கட்டியிருக்கிறது. அதில் டிலியோ பறவைகள் சிக்கித் துடிக்கின்றன. குளிர் நாட்டிலிருந்து கடல் தாண்டி வந்து, போன வாரம்தான் இங்கே இறங்கின. எலும்பும் தோலுமாக இருந்தன. வலை கட்டியது என் கொழுந்தன் ராஜு. திங்கட்கிழமை கனடாவுக்குப் போகிறான். போவதற்கு முன்னால் டிலியோ கறி தின்ன வேண்டுமாம்.

அரிவாளால் வலையை அறுத்தேன். ஓடி வந்தான்.

"அண்ணி, பைத்தியமா உங்களுக்கு? அதுங்க என்ன நாம வளர்த்த கோழியா?"

"இந்தத் தீவுல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சதிலேருந்து நம்ம ஊர் ட்ரெகேட்டியை விட்டு நம்ம சனங்க எல்லாரும் போறாங்க. நீயும் போற. இந்த வருஷம் இங்க வந்தது இதுங்க மட்டும்தான்டா. அதையும் தின்னுட்டுத்தான் போவியா?"

மிச்ச வலையையும் அறுத்தேன். கடைசிப் பறவை என் விரலைக் கொத்திவிட்டுத்தான் பறந்தது. கொத்தட்டும்.

ராத்திரி ராஜுவுக்குப் பருப்பும் சோறும் போட்டேன். தட்டைத் தள்ளிவிட்டான். தள்ளட்டும். வலை பக்கத்து வீட்டுக்காரருடையது, தைத்துக் கொடு என்கிறார் என் வீட்டுக்காரர். மாட்டேன். தைத்துக் கொடுத்தால் நாளைக்கே திரும்பக் கட்டுவார்கள்.

ராஜு போய்விடுவான். அப்புறம் இந்த வயலில் நிற்கப்போவது நானும் அதுகளும்தான். நாளைக்கும் வலை கட்டினால் அறுக்க, அரிவாளைக் கழுவித் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். இவர் பார்த்தார். எடு என்று சொல்லவில்லை. சொன்னாலும் எடுக்க மாட்டேன்.