கதவைத் திறந்த சின்னப் பெண்

டோக்கியோ,
மார்ச் மாதத் தொடக்கம்

அன்புள்ள சுமிரே அக்காவுக்கு,

மினோரி எழுதுகிறேன். உறையில் என் பெயரைப் பார்த்ததும் திகைத்திருப்பாய். இங்கே பிளம் மரங்கள் பூத்துவிட்டன, ஆனாலும் குளிர் விட்டபாடில்லை. உன் மியாகோ தீவில் இந்நேரம் கடலில் குளிக்கலாம் என்று அம்மா சொன்னாள். முகவரியும் அவள் தந்ததுதான். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. வடக்கே ஒபிஹிரோவில் நம் வீட்டுக் கூரையில் பனி வார இந்த வருஷம் ஆள் வைத்துவிட்டாள். இனி ஏணியில் ஏறமாட்டாள், கவலைப்படாதே.

வருகிற வியாழக்கிழமை ராத்திரி ஒரு துப்பறியும் தொடரில் நான் வருகிறேன். கொலைகாரி வேஷம். பத்து வருஷமாகப் பிணமாகவும் சாட்சியாகவும் நடித்தவளுக்கு இது பதவி உயர்வு என்று எல்லோரும் கேலி செய்கிறார்கள். கதையில் நான் கனாயே என்ற தங்கை. பெரிய பியானோ கலைஞரான அக்காவை ரயில் நிலையப் படிக்கட்டிலிருந்து தள்ளிவிடுகிறேன். காரணம் சின்ன வயசில் இருக்கிறது. சரியாக வாசிக்காத பிள்ளையைத் தாய் பனியில் வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிடுவாள். நிற்பது எப்போதும் தங்கைதான். ஸ்கிரிப்டைப் படித்துவிட்டு எனக்கு என்ன ஞாபகம் வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நம் வீட்டில் பியானோ இல்லை, பின்வயலில் தண்ணீர் ஊற்றி உறையவைத்த ஸ்கேட்டிங் தளம் இருந்தது. தினமும் சாயங்காலம் நாம் இரண்டு பேரும் போட்டி போட வேண்டும். ஜெயித்தவள் அப்பாவோடு உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிடுவாள். தோற்றவள் அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை வெளியே நிற்பாள். "நில்லு, குளிர்தான் உனக்குச் சரியான கோச்"என்பார். உள்ளே இருப்பவளைப் பார்த்து வெளியே நிற்பவளுக்கு வயிறு எரியும். பிள்ளைகளை வேகமாக ஓடவைக்க அந்த எரிச்சலே போதும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சின்ன வயசுக் காட்சியை ஒதாருவில் எடுத்தார்கள். இரண்டு குட்டிப் பெண்கள். அக்காவாக நடித்தவள் பெயர் ஹினா, எட்டு வயசு, முன்பல் ஒன்று இல்லை. அவள் உள்ளே உட்கார்ந்து இறைச்சி பன் சாப்பிட வேண்டும், ஜன்னல் பக்கம் திரும்பக்கூடாது. அவ்வளவுதான் காட்சி. கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் எழுந்தாள், கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள், பன்னைப் பிய்த்துப் பாதியை வெளியே நீட்டினாள். வெளியே நின்ற குட்டியும் வாங்கித் தின்றுவிட்டது!

டைரக்டர் நிஷிகவா கத்தவில்லை. பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்து, "ஏம்மா, அப்படி ஸ்கிரிப்ட்ல இல்லையே?"என்று கேட்டார்.

"அவளுக்குக் குளிருதுல்ல?"என்றாள் ஹினா. "நீங்க பெரியவங்க எல்லாரும் கோட்டு போட்டிருக்கீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மேக்கப் வேனுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

அன்றைக்கே அம்மாவுக்குப் போன் செய்தேன். அக்கா எனக்கு எப்போதாவது கதவைத் திறந்திருக்கிறாளா என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்றுகூடத் தெரியவில்லை. அம்மா சொன்னாள்: "கதவைத் திறந்தா அவருக்குத் தெரிஞ்சிடுமே. அவ வேற மாதிரி செஞ்சா. கடைசி வளைவு வரைக்கும் குனிஞ்சே வருவா, அங்க வந்ததும் நிமிர்ந்துடுவா. நிமிர்ந்தா காத்து பிடிச்சு இழுத்துடும்ல? நீ முன்னாடி போயிடுவ. எத்தனை தடவை சமையக்கட்டு ஜன்னல்லேருந்து பார்த்திருக்கேன். உனக்கு அந்த வருஷம் நெஞ்சுல சளி."

அப்போதே ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கோபமாகக் கேட்டேன். "சொன்னா ரெண்டு பேரையும் வெளியே நிறுத்தியிருப்பாரு,"என்றாள்.

அக்கா, முன்னால் ஓடியவள் திரும்பிப் பார்த்ததில்லை. நான் ஜெயித்தேன் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

அம்மா இன்னொன்றும் சொன்னாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். உன் கணுக்கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "போட்டியில் உன் இடத்தைத் தனக்குக் கொடுக்கச் சொல்லி மினோரி குதிக்கிறாள்"என்று அப்பா உன்னிடம் சொன்னாராமே. நான் கேட்கவில்லை. என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவே மறுத்துவிட்டார். மாநிலப் போட்டிக்குப் போகாமலிருக்க ஸ்கேட்டை வயலில் பனிக்குள் புதைத்து வைத்தேன். அவர் தோண்டி எடுத்து அதே ஈரத்தோடு என் காலில் மாட்டினார். நீயோ வீடு திரும்பியதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பதினெட்டு வயசில் பெட்டியோடு தெற்கே போய்விட்டாய். நீ தப்பித்துவிட்டாய், நான் மாட்டிக்கொண்டேன் என்று அப்போது உன்மேல் எனக்கு எத்தனை பொறாமை! உனக்கும் என்மேல் இருந்திருக்கும். இரண்டையும் ஊட்டி வளர்த்தவர் ஒருவரேதான். அவர் சாவுக்கு நீ வராததை நான் ஒருநாளும் தப்பாக நினைத்ததில்லை. நானே குடும்பத்தாருக்கான முன்வரிசையை விட்டு மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஹினா செய்ததை நிஷிகவா வெட்டவில்லை. எழுத்தாளரை வரவழைத்து என் கடைசிக் காட்சியை மாற்றிவிட்டார். முன்பு எனக்கு நீளமான வசனம்: அவள் இருக்கும்வரை என்னை யாரும் பார்க்கமாட்டார்கள், வெறுத்தேன், தள்ளினேன், இப்படி ஒரு பக்கம். புதிதாக எழுதியதில் போலீஸ்காரர் ஒரே கேள்வி கேட்கிறார்: "அன்னைக்குப் பனியில கதவைத் திறந்தது யாரு?"நான் ஒரே சொல் சொல்ல வேண்டும். அந்தச் சொல் வாயில் வரவில்லை, அக்கா. போலீஸ்காரராக நடித்த குராமோச்சி ஐயா எழுபதைத் தாண்டியவர், எதற்கும் அசராதவர். அவர் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மைக்கில் விழாத குரலில், "அவசரமே இல்லம்மா, மெதுவா வரட்டும்,"என்றார். அப்புறம்தான் வந்தது. "அக்கா"என்றேன். அதன் பிறகு அழுதது நடிப்பில்லை. எடிட்டிங்கில் எவ்வளவு மிச்சம் வைத்தார்களோ தெரியாது.

தொடர் விளம்பரத்துக்காக என் சின்ன வயசைப் பற்றி டிவியில் பேசச் சொன்னார்கள். முடியாது என்றுவிட்டேன். அது என் கதை மட்டும் இல்லையே, உன்னைக் கேட்காமல் எப்படிப் பேசுவேன்? நீ அந்தத் தொடரைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்கு அதிகாலையில் எழுவாயாம், ராத்திரி கண்விழிக்காதே.

இந்த மாசக் கடைசியில் எனக்குச் சில நாள் படப்பிடிப்பு இல்லை. உன் தீவுக்கு வரலாம் என்று இருக்கிறேன். விமான நிலையத்துக்கு வராதே, வழி கேட்டு நானே வந்துவிடுவேன். பழசைப் பேச வேண்டாம் என்றால் பேசமாட்டேன். உன் பிள்ளைகளுக்கு என்ன பிடிக்கும் என்று மட்டும் எழுது. எத்தனை பிள்ளைகள் என்றுகூட நான் அம்மாவிடம் கேட்கவில்லை, உன் வாயால் கேட்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

நீயும் உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். பதில் எழுத நேரமில்லாவிட்டாலும் பரவாயில்லை. வராதே என்று மட்டும் எழுதிவிடாதே.

உன் தங்கை,
மினோரி