தரகர் பேசினார், நான் பேசவில்லை

ஆடி 6, செவ்வாய்

குத்துக்கல்வலசை வீட்டைத் தரகர் இல்லாமல் நானே விற்றுவிடலாம் என்றிருந்தேன். முப்பது வருடப் போலீஸ் புத்தி. பார்க்க வந்தவர்களையெல்லாம் விசாரித்தே விரட்டிவிட்டேன். கடைசியில் என் மனைவிதான் புரோக்கர் மேரியை அழைத்தாள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு நான் பேசுதேன். நீங்க சும்மா இருங்க," என்றார் மேரி.

வீடு பார்க்க வந்த டீச்சர், "அடுக்களை சின்னதா இருக்கே," என்றார். எனக்குச் சுருக்கென்றது. எழுந்தேன். மேரி பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன்.

"சின்னதுதான் டீச்சர். பின்னால இழுத்துக் கட்ட எடம் கெடக்கு, வந்து பாருங்க."

அந்த இடத்தை நான் ஒருவருக்கும் காட்டியதில்லை. பார்த்துவிட்டு வந்த டீச்சர், வீடு பிடித்திருக்கிறது என்றார். வெள்ளிக்கிழமை முன்பணம் தருகிறார்.

கமிஷன் தண்டம் என்று சொன்னவன் நான். வெள்ளிக்கிழமையும் மேரியே பேசட்டும். நான் காபி கொடுக்கிறேன்.